வாய் மூடிய கொட்டாவி

அத்தியாயம் 14: ஏழாவது பேனா

போன வாரம் மகளை ஒரு தடித்த ஃபைலின் நாற்பத்தோராம் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாளாகியும் அவள் அந்தப் பக்கத்தை விடவில்லை. பக்கமும் அவளை விடவில்லை.

அதில் இருந்த வரி இதுதான்: ஒவ்வொரு பரிசோதனையிலும் வாசனைப் பேனாக்களின் வரிசையை மாற்ற வேண்டும்.

ஆறு மாதமாக யாரும் மாற்றவில்லை. பயிற்சியாளர் முப்பதாம் பக்கம் வரைதான் படித்திருந்தார். துறைத்தலைவர் அந்த ஃபைலை எழுதியவர், ஆகவே அவர் படிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"இன்னியிலிருந்து மாத்தணும்" என்றாள் மகள்.

"ஆறு மாசம் நல்லாத்தானே போச்சு" என்றார் பயிற்சியாளர்.

"அதான் எனக்கு பயமா இருக்கு."

இப்படிப் பேசுவதால்தான் மருத்துவமனையில் அவளுக்கு ஃபைல் மேடம் என்று பெயர். மூக்கு நோய்கள் மற்றும் தலை, கழுத்துக் கட்டிகள் ஆய்வுப் பிரிவில் எண்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. பிரிவின் பெயர்ப் பலகை பிரிவின் அறையை விட நீளம். அறை முன்பு எக்ஸ்ரே எடுத்த இடம். ஜன்னல் கிடையாது, கதவு மட்டும் வங்கிப் பெட்டகம் மாதிரி.

அந்த ஆய்வில் ஒன்றாம் எண் நோயாளி அவளுடைய அப்பா. ஆகவே பரிசோதனை நடக்கும்போது அவள் அறைக்குள் போகக் கூடாது. அது பதினெட்டாம் பக்கம்.

அப்பா பழைய சாமான் ஏலக்கூடத்தில் இருபத்தாறு வருடம் ஏலம் போட்டவர். பதினான்கு மாதம் முன்பு தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்தில் உள்ள ஒரு துளை வழியாக. பேசுவது, தாடைக்குக் கீழே அழுத்திப் பிடிக்கும் ஒரு சிறிய கருவி வழியாக. பார்க்கச் சவர மெஷின் மாதிரி இருக்கும். அதற்குக் கோபத்துக்கும் காலை வணக்கத்துக்கும் ஒரே சுருதி.

மூச்சு கழுத்தோடு திரும்பிவிட்டதால் மூக்குக்கு வேலை போயிற்று. காற்று போகாத மூக்கில் வாசனை எப்படி ஏறும்? கண்ணாடியைத் தாங்குவதைத் தவிர அதற்கு வேறு பொறுப்பு இல்லை.

அந்த மூக்கைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவதுதான் ஆய்வு. வழி எளிமையானது. உதட்டை மூடிக்கொண்டு தாடையை மட்டும் கீழே இறக்க வேண்டும். மேலதிகாரி பேசும்போது கொட்டாவியை மறைப்போமே, அதேதான். வாய்க்குள் இடம் அகலும், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே இழுபடும், அதோடு வாசனையும் வரும். ஃபைலில் இதற்கு மூன்று வரிப் பெயர் உண்டு. மற்ற எல்லோருக்கும் அது மரியாதைக் கொட்டாவி.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் குரல்வளை இல்லாத ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இருவருக்கு முதல் நாளே வந்துவிட்டது.

இன்றைக்குச் செவ்வாய், ஆறாம் மாதப் பரிசோதனை: மைக்குப் பதில் வாசனை அடைத்த பன்னிரண்டு பேனாக்களை முகர்ந்து, எது என்ன வாசனை என்று காட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. மூன்று பேர். ஆய்வு இன்னொரு வருடம் நடக்குமா, இழுத்து மூடுவார்களா என்று இன்று சொல்லிவிடுவார்கள். ஆய்வு மூடினால் செவ்வாய்க்கிழமையும் மூடும்.

*

காலை ஆறு மணிக்கே ஏலக்காரர் சவரம் செய்து முடித்திருந்தார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவருக்குச் சவரம் என்று ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வராது.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா, ஒரு சட்டைக் கையை ஓட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"நாலு?"

"மீன்" என்றது கருவி.

"ஏழு?"

"வாழைப்பழம்."

"எட்டு?"

"காபி."

"ஒம்போது?"

ஏலக்காரர் யோசித்தார். அம்மாவின் கால் மெஷினின் மிதியில் நின்றது.

"சோப்பு" என்றது கருவி. கால் மறுபடி ஓடியது.

அம்மா அளவு நோட்டு வைத்துக்கொள்ளாத தையல்காரி. தெருவில் முந்நூறு பேருடைய தோளும் கையும் கழுத்தும் அவள் தலைக்குள் இருந்தன. ஆறு மாதம் முன்பு, முதல் பரிசோதனையில் துணைக்கு உட்கார அவளை அனுமதித்திருந்தார்கள். பன்னிரண்டு பேனாக்களும் அவள் மூக்கையும் தாண்டித்தான் போயின. அவளுக்குக் குரல்வளையும் இருந்தது, மூக்கும் இருந்தது, வரிசை ஒரே தடவையில் பதிந்துவிட்டது.

அன்றைக்கே பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொன்னார்: மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லாதவர்களை வகுப்பிலிருந்து விடுவிப்போம். விடுவிப்பது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் அவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்தவள். இன்னொரு முறை பார்ப்பதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

குளியலறைக் கதவு திறந்தது. இருவரும் வானிலையைப் பற்றி யோசிப்பவர்கள் போல ஆனார்கள்.

"என்ன ரெண்டு பேரும் இவ்ளோ அமைதி?" என்றாள் மகள்.

"அவருக்கு எப்பவுமே அமைதிதான். நான் சட்டைக் கை தைச்சிட்டிருக்கேன்" என்றாள் அம்மா.

மகள் ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசமாட்டாள். அம்மா வீட்டு விஷயத்தை மகளிடம் பேசமாட்டாள். இருவருமே நேர்மையானவர்கள். நாற்பத்தோராம் பக்கம் அம்மாவுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

*

முதல் ஆளாக ஏலக்காரர் அறைக்குள் போனார். துணைக்கு ஆள் கூடாது என்று இந்த முறை சொல்லிவிட்டார்கள். அம்மா வெளியே பெஞ்சில், மற்ற எட்டுப் பேருக்கும் நடுவே, கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் மாதிரி உட்கார்ந்தாள்.

உள்ளே மேஜையில் ஒரு அட்டை. அதில் பதினாறு படங்கள். பேனாக்கள் பன்னிரண்டுதான், மீதி நான்கு படங்கள் ஏமாற்றுவதற்கு. பயிற்சியாளர் ஒரு பேனாவின் மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடிப்பார். நோயாளி கொட்டாவி விட்டு, ஒரு படத்தைத் தொட வேண்டும்.

ஏலக்காரர் முதல் பேனாவுக்கு எலுமிச்சையைத் தொட்டார். பயிற்சியாளரின் முகம் மாறவில்லை, மாறக் கூடாது என்று ஏழாம் பக்கம் சொல்கிறது. ஆனால் கையில் இருந்தது மீன்.

இரண்டாவதற்குச் செருப்புத் தோல். கையில் இருந்தது காபி. அங்கே மட்டும் ஏலக்காரரின் விரல் ஒரு நொடி காபிக் கோப்பைப் படத்தின் மேல் நின்றது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு தோலுக்கே போய்விட்டது.

பத்து இருபதுக்குத் தாள் மகளின் மேஜைக்கு வந்தது. பன்னிரண்டுக்குப் பூஜ்யம்.

மூன்றாம் மாதம் பதினொன்று வாங்கியவர். மகள் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எலுமிச்சை, எலுமிச்சை. தோல், தோல். கிராம்பு, கிராம்பு. மேலிருந்து கீழ்வரை ஒரே பதில்கள், ஒரே வரிசை. பேனாக்கள்தான் இடம் மாறியிருந்தன. அப்பா மாறவில்லை.

அவள் அலமாரியைத் திறந்து மூன்றாம் மாதத் தாள்கள் ஒன்பதையும் எடுத்தாள். ஒன்பது பேருக்கும் பதினொன்று. ஒன்பது பேரும் தவறவிட்டது ஏழாவது பேனாவை. அது அன்னாசி. ஒன்பது பேரும் தொட்டது வாழைப்பழம்.

அவள் தாள்களை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். ஏனென்றால் இந்த ஏழாவது பேனாவைப் பற்றித் துறைத்தலைவர் ஏற்கெனவே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். குறிப்பிட்ட ஒரு வாசனையை அறியும் திறன் மட்டும் மற்றவற்றை விடத் தாமதமாகத் திரும்புகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு 'ஏழாம் வாசனைத் தாமதம்' என்று பெயரும் வைத்திருந்தார். தலை இல்லாத ஒரு மூக்கின் படம் போட்ட அவருடைய சுவரொட்டி வராந்தாவில் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தது.

*

"அம்மா. இங்க வா."

மாடிப்படி வளைவுக்கு அம்மா வந்தாள். அப்பாவும் கூடவே வந்தார்.

"ஏழாவது என்ன?" என்றாள் மகள்.

"வாழைப்பழம்" என்றாள் அம்மா, முந்திக்கொண்டு. பிறகுதான் யார் கேட்கிறாள் என்று உறைத்தது.

"அன்னாசி."

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். ரெண்டும் பழந்தானே."

"ஒம்போது பேருக்கும் நீதான் சொல்லிக்குடுத்தியா?"

"கேட்டாங்க. பக்கத்துல உக்காந்துகிட்டு, பேச முடியாதவங்க, எழுதிக் காட்டிக் கேக்கறாங்க. இல்லைன்னா சொல்லுவேன்? தப்புன்னா நீ என்னைப் புடிச்சுக் குடு. ஆனா உங்க ஆளு மூணு மாசத்துல வீட்டுக்கு அனுப்பறேன்னு சொன்னது மட்டும் ரொம்ப சரியா?"

மகள் அப்பாவிடம் திரும்பினாள்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேப்பா. ஆறு மாசம் கொட்டாவி விட்டு ஒண்ணுமே வரலையா?"

ஏலக்காரர் கருவியைத் தாடைக்குக் கீழே வைத்தார். பேசியபோது எப்போதும் போல ஒரே சுருதி.

"இன்னிக்கு வந்துது."

"என்ன வந்துது?"

"ரெண்டாவது. காபி."

"அப்ப ஏன் தோலைத் தொட்டீங்க?"

"ரெண்டாவது தோலுன்னு உங்கம்மா சொல்லியிருந்தா." அவர் ஒருமுறை மனைவியைப் பார்த்தார். "மூக்கு பதினாலு மாசமா வேலைக்கு வராத ஆளு. இவ ஒரு நாளும் தப்புனதில்ல. யாரை நம்புவேன்?"

அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைத் தூசி இருக்கிறதா என்று பார்க்கிறவள் போல ஒரு தரம் தடவினாள்.

"காபிதானா? நிஜமாவா?" என்றாள்.

"கொஞ்சம் கருகின காபி" என்றது கருவி.

*

துறைத்தலைவர் பதினோரு மணிக்கே கோட்டுப் போட்டிருந்தார். மகள் தாள்களை வைத்தாள். அவர் ஒன்பது தாள்களையும் பார்த்தார். பிறகு தன் சுவரொட்டி இருந்த திசையில், சுவரையே ஊடுருவிப் பார்த்தார்.

"ஒன்றாம் எண்ணுக்கு இன்னிக்கு மூக்கடைப்பு. அப்படி எழுதி இந்தத் தாளைத் தனியா வெச்சிடுங்க" என்றார்.

"மூக்கடைப்பு இல்ல சார். நான் காலைல அவரோடதான் சாப்பிட்டேன்."

"மத்த எட்டுப் பேருக்குப் பழைய வரிசையிலயே வெச்சிடலாம். அடுத்த மாசத்துலேர்ந்து மாத்திக்கலாம்."

"நாப்பத்தோராம் பக்கம்."

"அந்தப் பக்கத்தை எழுதினதே நான்தாம்மா."

"அதான் சார், உங்க பேச்சை நான் மீற முடியாது."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தி, நியாயமான மனிதராகப் பேசினார். "இதைச் சொன்னா ஆய்வு போயிடும். வகுப்பு போயிடும். உங்க அப்பாவுக்குத்தான் நஷ்டம். யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். அவர் சொன்னது அப்படியே உண்மை என்பதுதான் சங்கடம். அந்த அறையில் இருந்தவற்றில் உண்மையானது அது ஒன்றுதான் போல.

"கீழே கையெழுத்து என்னுது சார்" என்றாள். "இந்தப் பதினொண்ணு எங்கம்மாவோட மார்க்கு. அதை அப்பா பேர்ல நான் ஏத்த மாட்டேன். உங்களுக்கு வேணும்னா எங்கம்மாவைப் பத்தாம் எண்ணா சேர்த்துக்குங்க. அவங்களுக்கு ஜலதோஷம் இல்லைன்னா பன்னெண்டு வாங்குவாங்க."

*

பன்னிரண்டு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். துறைத்தலைவர் திரையில் படம் போட்டார். பயிற்சிக்கு முன் ஒரு குட்டிப் பட்டை, பயிற்சிக்குப் பின் ஒரு நெட்டைப் பட்டை. நெட்டைப் பட்டை தலைப்பை இடித்துக்கொண்டு நின்றது.

"ஒன்பது பேருக்குமே இவ்வளவா?" என்றார் தலைவி.

"இல்ல மேடம்" என்றாள் மகள்.

அவள் எழுந்து நின்றது அவளுக்கே இரண்டு நொடி கழித்துத்தான் தெரிந்தது. ஒன்பது தாள்களையும், இன்றைய பூஜ்யத்தையும் மேஜையில் பரப்பினாள். வரிசை மாறாமல் இருந்ததைச் சொன்னாள். முகர்ந்து மனப்பாடம் செய்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். செய்தது யார், அவர் தனக்கு என்ன உறவு என்பதையும் சொன்னாள். துறைத்தலைவர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்தப் பயிற்சி வேலை செய்யுதான்னே நமக்குத் தெரியாது" என்றார் தலைவி.

"தெரியாது மேடம்."

"தெரியாத ஒன்றை இன்னொரு வருஷம் நடத்தச் சொல்லி நாங்க எப்படி எழுதறது?"

அப்போது கதவு திறந்தது. பெட்டகக் கதவு என்பதால் நிதானமாகத்தான் திறக்கும். ஏலக்காரர் நின்றார். பின்னால் அம்மா. அவளுக்கும் பின்னால் எட்டுப் பேர்.

"எனக்கு இன்னொரு தடவை வைங்க" என்றது கருவி. "இப்ப. வரிசையை நீங்களே மாத்துங்க. இவ வெளியே நிக்கட்டும்."

"நான் கீழே போய் நிக்கறேன்" என்றாள் அம்மா. "தெருவுலயே நிக்கறேன். போதுமா?"

தலைவி மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு பேனாப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, சீட்டுக் கட்டுப் போலக் கலைத்தார். மகளை வெளியே போகச் சொன்னார். பதினெட்டாம் பக்கம் என்று அவள் தானாகவே எழுந்து போயிருந்தாள்.

மற்ற எட்டுப் பேரோடு வராந்தாவில் நின்ற மகளுக்குத் தடித்த கதவுக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயும் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் உதட்டை மூடிக்கொண்டு பன்னிரண்டு முறை கொட்டாவி விட்டார். சில படங்களை உடனே தொட்டார். சிலவற்றுக்கு விரல் அட்டை முழுக்க அலைந்து, கடைசியில் எங்கோ உட்கார்ந்தது. இந்த முறை அது யார் சொல்லியும் உட்காரவில்லை.

கதவு திறந்தது.

"அஞ்சு" என்றார் தலைவி. "பன்னிரண்டுக்கு அஞ்சு."

துறைத்தலைவர் கண்ணை மூடினார். திரையில் நெட்டைப் பட்டை இன்னும் நின்றுகொண்டிருந்தது, யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

"முதல் பரிசோதனையில இவருக்கு எவ்வளவு?"

"ரெண்டு" என்றாள் மகள்.

"ரெண்டுக்கும் அஞ்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றார் குழுவில் இருந்த இன்னொருவர், வருத்தமாகத்தான். "ஒரே ஆளை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. குருட்டாம்போக்குல கூட வந்திருக்கலாம்."

ஏலக்காரர் அவரைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் உடைந்த நாற்காலிகளையும் ஓடாத கடிகாரங்களையும் பார்த்து 'இதுக்கு என்ன கிடைக்கும்' என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் எத்தனை பேரையோ பார்த்த பார்வை அது. அவர்கள் யாரும் அவரிடமிருந்து தப்பியது கிடையாது.

அவர் மேஜை மேல் ஏறவில்லை, பழக்கத்தில் அதற்கு ஒரு அடி எடுத்து வைத்தார், அவ்வளவுதான். கருவியைத் தாடையில் அழுத்தினார்.

"பதினொண்ணு என்னுது இல்ல. பூஜ்யம் என்னுது இல்ல. இந்த அஞ்சு என்னுது. காபி, சோப்பு, கிராம்பு, மீன், ரோஜா. நானே எடுத்தது." அவர் அறையைச் சுற்றி ஒரு பார்வை ஓட்டினார். "அஞ்சு ஒரு தரம்."

ஏற்றமும் இறக்கமும் இல்லாத அந்தக் குரல், கூடத்தின் கடைசி வரிசைக்குப் போக வேண்டிய குரல் போலவே போயிற்று.

"அஞ்சு ரெண்டு தரம்."

கதவருகிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இரண்டாம் எண், ஓய்வு பெற்ற தபால்காரர். கருவி அவர் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. அட்டையைக் காட்டி, தன் மூக்கைக் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொரு கை. பிறகு மற்றவையும்.

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாப் பெட்டியைப் பார்த்தார். திரும்ப எடுத்துக் கலைக்க ஆரம்பித்தார்.

ஏலக்காரர் மூன்றாவது தரத்தைச் சொல்லவில்லை. கருவியை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். கேட்க இன்னும் எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது அவர் எந்த ஏலத்தையும் முடித்தது கிடையாது.